முழுக்குச் சபையும் தவக்காலப் பிரசங்கமும்: படுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

கிறிஸ்தவ சபைகளின் வரலாற்றை ஆராய்வோர்க்கு முரண்போலத் தோன்றும் செய்திகள் பல உள. பப்திஸ்து சபையாரும், கொள்கையில் அவர்களை ஒத்த சுயாதீன சபையாரும், தவக்காலத்தையும் பெரிய வெள்ளியையும் உயிர்த்த ஞாயிற்றையும் முன்னிட்டு நிகழ்த்தும் தொடர்ப் பிரசங்கங்கள் அவற்றுள் ஒன்றாகும். எல்லா நாளும் ஆண்டவருடைய நாளே, ஒரு நாள் மற்றொரு நாளினும் புனிதமுடையதன்று என்னும் கொள்கையோடு வரலாற்றில் தோன்றிய சபை பப்திஸ்து சபை. திருநாள்களையும் நோன்பு நாள்களையும் மனிதர் வகுத்த சுமை என்று அது தள்ளிவைத்தது. அவ்வாறிருக்க, அத்தகைய சபைகளின் பிரசங்க மேடைகளில் இன்று நாற்பது நாட் சிந்தனையும், சிலுவை மொழிகள் ஏழின் விளக்கமும், கல்லறைத் தோட்டத்து விடியற்காலைச் செய்தியும் ஆண்டுதோறும் ஒலிப்பது எங்ஙனம்? இவ்வினாவை எழுப்பி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் நின்று அதற்கு விடை காண இக்கட்டுரை முயல்கின்றது.

மேற்குக் கரையை, அதாவது சூரியன் படுகின்ற படுவான்கரையை, நிலைக்களனாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. போரதீவுப் பற்றிலுள்ள பழுகாமம் திரௌபதை அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற பழங்கிராமம். சைவ மரபு ஊறிய ஊர். கிறிஸ்தவப் பிரசங்கத்தின் வரலாற்றில் அதற்கு என்ன இடம் என்று வினவுதல் இயல்பே. ஆயின் பிரசங்கம் என்பது பேசுவோன் ஒருவனால் ஆக்கப்படுவதன்று. எதிரே அமர்ந்து கேட்போரின் செவி எவ்வாறு பழக்கப்பட்டிருக்கின்றதோ அவ்வாறே பிரசங்கமும் அமையும். துன்பக் கதை ஒன்றை ஆண்டில் ஒருமுறை, நாட்கணக்காக, விரதமிருந்து கேட்கும் வழக்கம் இக்கரையில் மிகப் பழையது. அதனைப் பின்னர் நோக்குவாம். முதலில் தவக்காலத்தின் பிறப்பை அறிதல் வேண்டும்.

நாற்பது நாள் என்னும் காலவரையறை திருச்சபைச் சட்டங்களில் இடம்பெறக் காண்பது 325 ஆம் ஆண்டு நைசியா சங்கத்தின் விதிகளிலாகும். நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எருசலேம் நகரிற் சிறில் என்பார் அந்நாற்பது நாட்களில் நிகழ்த்திய பதினெட்டு விரிவுரைகள் இன்றும் கிடைக்கின்றன. அவ்விரிவுரைகள் யாரை நோக்கி நிகழ்த்தப்பட்டன என்பதே நமக்கு முக்கியமானது. உயிர்ப்புத் திருநாளின் முன்னிரவில் நீரில் மூழ்கித் திருமுழுக்குப் பெறவிருந்த, வயதுவந்த மாணாக்கரை நோக்கியே அவை நிகழ்த்தப்பட்டன. தாம் ஏற்கப்போகும் விசுவாசம் யாது, விடப்போகும் பழைய வாழ்வு யாது என்று அவர்கட்குக் கற்பித்த பள்ளியே தவக்காலம். உணவு மறுத்தல் அப்பள்ளியின் ஓர் ஒழுங்கு மட்டுமே. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி தமது பயணக் குறிப்பில் அந்நகரத்துப் பெரிய வாரத்தை விரித்துரைக்கின்றார். பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகையில் மக்கள் வாய்விட்டு அழுதனர் என்றும், ஆயர் கிரேக்கத்திற் பேச மூப்பர் ஒருவர் அதனைச் சிரிய மொழியிற் பெயர்த்துச் சொன்னார் என்றும் அவர் கூறுவர். மொழிபெயர்ப்பாளனை அருகில் வைத்துக்கொண்டு பேசிய பிற்கால மிஷனரிமாருக்கு இவ்வகையில் நெடிய முன்மரபு இருந்தது எனலாம்.

பின்னர்க் குழந்தைத் திருமுழுக்குப் பொதுவழக்காயிற்று. மூழ்கவிருப்போர் இல்லாத இடத்து அவர்களுக்கான பள்ளியும் தன் பொருளை இழந்தது. நோன்பு எஞ்சியது, எந்நாளில் எதனை உண்ணலாம், எதனை உண்ணலாகாது என்ற விதிகள் பெருகின. ஐரோப்பிய இடைக்காலத்துத் தவக்காலம் பெரும்பாலும் இவ்விதிகளின் காலமே.

அவ்விதிகளுக்கு எதிரான கலகம் ஒரு தட்டு இறைச்சியில் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். 1522 ஆம் ஆண்டுத் தவக்காலத்திற் சூரிச் நகரத்து அச்சகத்தார் கிறிஸ்தோப் பிரோசவரின் இல்லத்திற் சிலர் கூடிப் பன்றியிறைச்சிக் குழல்களை உண்டனர். உல்ரிச் சுவிங்கிளி அங்கே இருந்தார், ஆனால் உண்டாரல்லர். மார்ச் மாதத்தில் அவர் நிகழ்த்திய பிரசங்கம் உணவைத் தெரிந்துகொள்ளும் உரிமை கிறிஸ்தவனுக்கு உண்டு என்று வாதிட்டது. ஏப்பிரலில் அது நூலாக வெளிவந்தது. தவக்காலத்திலே தவக்காலத்திற்கு எதிராக நிகழ்ந்த இப்பிரசங்கம் சுவிற்சர்லாந்துச் சீர்திருத்தத்தின் தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. மூன்று ஆண்டுகளுள் அதே நகரில் வயதுவந்தோர் முழுக்கை வலியுறுத்திய ஒரு கூட்டம் சுவிங்கிளியையும் விட்டுப் பிரிந்தது.

ஆங்கில பப்திஸ்து சபையின் தொடக்கம் 1609 இல் அம்ஸ்ரடாம் நகரில் அகதியாய் வாழ்ந்த ஜோன் சிமித் என்பவரோடு இணைந்தது. அவருடன் இருந்த தோமஸ் ஹெல்விஸ் 1612 அளவில் இலண்டனுக்கு மீண்டு சபையொன்றை நிறுவினார். விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் ஒருவனுக்கே முழுக்கு என்பதும், அரசன் மனச்சாட்சியின் மீது ஆணை செலுத்தலாகாது என்பதும் அவர்தம் கொள்கை. அரசாங்கச் சபையின் நாட்காட்டி அவர்களுக்கு அரசாணையின் மறுவடிவமாகவே தோன்றியது. 1647 இல் ஆங்கிலப் பாராளுமன்றம் கிறிஸ்மசு, ஈஸ்டர் முதலிய திருநாள்களையே நீக்கிச் சட்டமியற்றிற்று. இரு நூற்றாண்டுகளின் பின்னும், இலண்டன் மாநகரிற் பல்லாயிரம் பேரைத் தம் பிரசங்கத்தால் ஈர்த்த பப்திஸ்து போதகர் சார்ள்ஸ் ஸ்பர்ஜன், திருநாள்களைச் சிறப்பிப்பதற்கு வேதத்தில் ஆதாரமில்லை என்றே வாதித்தார்.

இங்கே வரலாற்றின் ஒரு விசித்திரத்தைக் காண்கின்றோம். மூழ்குவோருக்காகப் பிறந்தது தவக்காலம். ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் மூழ்குதலை மீட்டெடுத்தவர்களோ அத்தவக்காலத்தைக் கைவிட்டனர். ஒரு பொருளின் இரு கூறுகள் இரு வேறு சபைகளின் கையில் அகப்பட்டுக்கொண்டன. ஒரு சாரார் காலத்தை வைத்திருந்தனர். மறுசாரார் நீரை வைத்திருந்தனர்.

இவ்விரு கூறுகளும் இலங்கைக்கு வெவ்வேறு கப்பல்களில் வந்தன. மட்டக்களப்பிற் போர்த்துக்கேயர் 1628 அளவிற் கோட்டை அமைத்தனர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரோடு வந்த கத்தோலிக்கத் தவக்காலம் ஒல்லாந்தர் காலத்தில் ஒடுக்கப்பட்டது. ஒல்லாந்தச் சீர்திருத்த சபையார் நோன்பு விதிகளை ஏற்காவிடினும் உயிர்ப்புத் திருநாளை முற்றாக விட்டாரல்லர். ஒடுக்குமுறைக் காலத்திற் கத்தோலிக்கத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் கோவாவிலிருந்து வந்த ஒறற்றோரியன் குருமார். யோசப் வாஸ் அடிகள் 1687 இல் இலங்கைக்கு வந்தார். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல செய்து 1742 இல் மறைந்தார். அவர் செய்த வியாகுலப் பிரசங்கம் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. இயேசுவின் பாடுகளைப் பகுதி பகுதியாக விரித்துச் சொல்லும் அந்நூலை ஈழத்துக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் இராகத்தோடு ஓதிவந்தனர். பிரசங்கம் என்னும் பெயர் இருந்தும் அது மேடைப் பேச்சாக அமையவில்லை. ஏடு படிப்பதுபோற் பலர் கூடி ஓதவும் கேட்கவும் அமைந்தது. ஈழத் தமிழ்ச் செவி தவக்காலப் பிரசங்கத்தை முதலிற் கேட்டது பாட்டாகவே என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

சீர்திருத்த சபையாரின் இரண்டாம் வருகை பிரித்தானியர் காலத்தது. 1792 இற் றோன்றிய பப்திஸ்து மிஷனரிச் சங்கத்தின் சார்பில் ஜேம்ஸ் சேற்றர் 1812 இற் கொழும்புக்கு வந்தார். அவர் கவனம் சிங்களத்தின்மீது சென்றது. 1815 இற் சிங்கள இலக்கண நூலொன்றை வெளியிட்டார். பப்திஸ்து மிஷன் தென்மேற்கிலே வேரூன்றியது. மட்டக்களப்புப் பகுதியில் அவ்வாறு வேரூன்றியவர்கள் மெதடிஸ்தர். தோமஸ் கோக் தலைமையிற் புறப்பட்ட குழு, தலைவரைக் கடலிற் பறிகொடுத்து, 1814 சூன் 29 இற் காலித்துறையை அடைந்தது. அவர்களுள் வில்லியம் ஓல்ட் தனியே மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தனது தொடக்கத்தை அவ்வாண்டிலேயே காண்கின்றது. ஓல்ட் பல பாடசாலைகளை அமைத்தார், நோயுற்றார், 1815 ஏப்பிரல் 1 இல் மறைந்தார். அவ்வாண்டு உயிர்ப்புத் திருநாள் மார்ச் 26. எனவே மட்டக்களப்பின் முதல் மெதடிஸ்த மிஷனரி உயிர்ப்பு வாரத்துச் சனிக்கிழமையன்று உயிர்நீத்தார். அவரோடு வந்த வழிபாட்டு மரபு எத்தகையது என்பதும் நோக்கத்தக்கது. ஜோன் உவெசுலி தாம் நோன்பிருப்பவர். எனினும் 1784 இல் அமெரிக்க மெதடிஸ்தர்க்கு அவர் அமைத்த வழிபாட்டு நூலில் தவக்காலத்தைச் சேர்க்கவில்லை. பெரிய வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறும் எஞ்சின. ஆகவே கிழக்கிலங்கைச் சீர்திருத்தக் கிறிஸ்தவம் தொடங்கியபோது அதற்கு இரண்டு நாட்கள் இருந்தன. நாற்பது நாட்கள் இருக்கவில்லை.

நாற்பது நாட்கள் எவ்வாறு வந்தன? சொற்களே இதற்குத் தக்க சான்று. கத்தோலிக்கர் தபசு காலம் என்றும் தவக்காலம் என்றும் வழங்கினர்; அதன் முதல் நாள் விபூதிப் புதன் எனப்பட்டது. சைவனின் நெற்றிக்குரிய சொல்லைக் கத்தோலிக்கர் தயக்கமின்றி எடுத்துக்கொண்டனர். அங்கிலிக்கர் முதலிய சீர்திருத்த சபையார் லெந்து காலம் என்று ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திலே தந்தனர். ஆங்கிலத்தில் அச்சொல் ஆதியில் இளவேனிற் பருவத்தைக் குறித்தது. பகற்பொழுது நீளும் காலம் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழிலோ அது வேரற்ற வெற்றொலி. தவம் என்று சொன்னதும் தமிழனுக்கு அருச்சுனன் தவநிலை நினைவுக்கு வரும். லெந்து என்று சொன்னால் எதுவும் வாராது. சுயாதீன சபைகளிலும் இன்று தவக்காலம் என்ற சொல் ஒலிப்பதற்கு இதுவே காரணம் என்று கருத இடமுண்டு. சொல் வந்தபோது அதன் பின்னே நோன்பும் வந்தது. நோன்பின் பின்னே பிரசங்கத் தொடரும் வந்தது.

இச்சொல்லாராய்ச்சியோடு பருவத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். ஐரோப்பாவிலே தவக்காலம் பனிக்காலத்து இறுதியில், சேமித்த உணவு தீர்ந்துபோகும் வேளையில் வந்தது. களஞ்சியம் வெறுமையாகும்போது நோன்பு விதிப்பது எளிது. படுவான்கரையில் நிலைமை மறுதலையானது. இங்கே மாரி மழையை நம்பி விதைத்த பெரும்போகம் தை, மாசி, பங்குனி மாதங்களில் விளைகின்றது. வேளாண்மை வெட்டி, சூடுவைத்து, சூடடித்து, நெல் வீடுவந்து சேரும் நாட்களிலேதான் தவக்காலமும் வருகின்றது. அது முடியும் தறுவாயிற் சித்திரை வருடப்பிறப்பு. ஊர் முழுவதும் உண்டு மகிழும் பருவத்தில் ஒருவனை உண்ணாதே என்று சொல்லும் பிரசங்கம் என்ன நியாயத்தைக் காட்டும்? இல்லாமையை அருளாக மாற்றிக் காட்டும் ஐரோப்பிய வாதம் இங்கே பொருந்தாது. மாறாக ஏசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் பொருந்தும். பசித்தவனுக்குப் பகிர்ந்து கொடாத உபவாசத்தைக் கடவுள் ஏற்பதில்லை என்பது அதன் சாரம். நெல் மூடைகள் அடுக்கிய வீட்டிலிருந்து வந்தவனுக்கும், அவ்வயலிற் கூலிக்கு வெட்டியவனுக்கும் அவ்வதிகாரம் ஒரே பிரசங்கத்தில் இருவேறு செய்திகளைச் சொல்லும். குருத்தோலையும் இத்தகையதே. கலியாணப் பந்தலுக்கும் சாவு வீட்டுக்கும் கோயிற் சடங்குக்கும் தோரணமாகும் தென்னங்குருத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு பவனி செல்பவனுக்கு, ஓசன்னா என்று ஆர்ப்பரித்தவர்களே அவ்வாரத்தில் மனமாறினர் என்பதைப் போதகர் நீண்ட விளக்கம் கூறி உணர்த்தவேண்டியதில்லை.

பழுகாமத்துக்கு இப்போது வருவோம். மட்டக்களப்புத் தேசத்துத் திரௌபதை அம்மன் கோயில்களிற் பாரதக் கதை சடங்காக நிகழ்கின்றது. வனவாசம், தவநிலை, களப்பலி எனக் கதையின் கட்டங்கள் நாட்களாகப் பிரிக்கப்பட்டுத் தீப்பள்ளயத்தில் நிறைவுறுகின்றன. விரதம் பூண்ட ஊரவரே பாண்டவராகவும் திரௌபதையாகவும் நிற்பர். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. கொலையுண்ட கணவனுக்காக நீதி கேட்டவளின் சினம் குளிர்த்தியில் தணிக்கப்படுகின்றது. இவ்வழிபாடுகளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் கோட்பாட்டு ஒற்றுமை காணமுயல்வது வீண்வேலை. பழிவாங்கலில் முடியும் கதையும் மன்னிப்பில் முடியும் கதையும் ஒன்றாகமாட்டா. ஆயினும் கேட்கும் முறை ஒன்றே. முடிவு தெரிந்த கதையை, ஆண்டில் அதற்குரிய பருவத்தில், உணவைக் குறைத்து, பல நாள் தொடர்ந்து, கூட்டமாய் இருந்து கேட்டல். கதையிற் சாவு வரும் நாளில் ஊரே துக்கம் காத்தல். பின்னர் ஒரு குளிர்ச்சியோடு எழுந்து வீடு செல்லல். இவ்வாறு பயின்ற மக்களிடையே வந்த எந்தச் சபையும், அதன் நிறுவனர்கள் நாட்காட்டியை எவ்வளவு வெறுத்திருப்பினும், பாடுகளின் கதையை ஒரே ஞாயிற்றிற் சொல்லி முடித்துவிடல் இயலாது. கேட்போர் அதனைத் தொடராகவே எதிர்பார்ப்பர்.

பிரசங்கம் என்னும் வடிவம் மறுதிசையிலும் பயணஞ்செய்ததை ஈண்டு நினைவுகூரலாம். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஆறுமுக நாவலர் 1847 திசெம்பர் 31 வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மேடையும் வாரமுறையும் உரைநடையும் கிறிஸ்தவரிடமிருந்து சைவத்துக்குச் சென்றன. பருவமும் விரதமும் தொடர்க்கதைச் செவியும் தமிழ் மரபிலிருந்து கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கு வந்தன. முன்னதை நமது ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். பின்னதற்கு உரிய கவனம் கிடைத்திலது என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

பெரிய வெள்ளியன்று நண்பகல் தொடங்கி மூன்று மணி நேரம் நிகழும் ஆராதனையையும் கூறவேண்டும். சிலுவையில் இயேசு மொழிந்த ஏழு வாசகங்களை ஏழு பிரசங்கங்களாக விரிக்கும் இவ்வழக்கம் இன்று தமிழ்ச் சீர்திருத்த சபைகள் யாவற்றிலும், பப்திஸ்தர் உட்பட, மிகுந்த செல்வாக்குடையது. இது லூதரிடமிருந்தோ கல்வினிடமிருந்தோ வந்ததென எண்ணுவோர் உளர். உண்மையில் இது பெரு நாட்டு லீமா நகரத்து இயேசு சபைக் குரு அலொன்சோ மெசீயா என்பாருடன் தொடர்புடையது. 1687 இல் அந்நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. அதன் பின்னரே இவ்வழிபாடு உருப்பெற்றதென்பர். அங்கிருந்து ஸ்பெயினுக்குச் சென்றது. காதிஸ் நகருக்காக ஹைடன் இதற்கு இசையமைத்தார். 1860 களில் ஆங்கிலிக்கருட் கத்தோலிக்கச் சார்பினர் இதனை ஏற்றனர். அவர்கள் வழியே ஏனைய சபைகளுக்குப் பரவிற்று. நாட்காட்டியை நிராகரித்த சபையின் மிக நீண்ட பிரசங்க நாள் இயேசு சபையார் ஒருவரின் ஆக்கமாக இருப்பது சுவையான செய்தி. நிலநடுக்கத்தின் இடிபாடுகளிடையே எழுந்த வழிபாடு என்பதும் மறக்கத்தக்கதன்று.

உயிர்ப்புப் பிரசங்கத்திலேயே முழுக்குச் சபை தனது சொந்தக் குரலைக் கண்டுகொள்கின்றது. ஏனைய சபையார் வெறுங் கல்லறையையும் மகதலேனா மரியாளையும் எம்மாவு வழியையும் பேசுவர். முழுக்குச் சபையார் அவற்றோடு உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தையும் எடுப்பர். நீரில் மூழ்குதல் கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்படுதல். நீரிலிருந்து எழுதல் அவரோடு எழுதல் என்பது பவுலின் விளக்கம். நீரைத் தலையில் தெளிப்போர்க்கு இது உவமை. மூழ்குவோர்க்குக் கண்ணாற் காணும் நிகழ்ச்சி. இதிலே தமிழ் மொழி அவர்களுக்குச் செய்த உதவி பெரிது. மூல கிரேக்கச் சொல் அமிழ்த்துதலைக் குறிக்கும். அதனை அவ்வாறே மொழிபெயர்க்கலாமா என்று வங்காளத்திலே பப்திஸ்தருக்கும் வேதாகமச் சங்கத்துக்கும் பெரும் பிணக்கு மூண்டு, 1840 இற் பப்திஸ்தர் தனியே மொழிபெயர்ப்புச் சங்கம் ஒன்றை நிறுவும் அளவுக்குச் சென்றது. தமிழிலே ஞானஸ்நானம் என்பது நீராடலைச் சுட்டுகின்றது. திருமுழுக்கு என்பதோ பப்திஸ்தரின் கட்சியையே வாதிடுகின்றது. குழந்தையின் நெற்றியில் நீர் வார்க்கும் கத்தோலிக்கரும் இன்று அதனைத் திருமுழுக்கு என்றே வழங்குகின்றனர். சொல்லளவில் எல்லாத் தமிழ்க் கிறிஸ்தவரும் பப்திஸ்தரே என்று நகைச்சுவையாகக் கூறலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இரு கூறுகளும் ஒன்றையொன்று தேடத்தொடங்கின. உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவு வழிபாட்டைப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 களில் மீளமைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1972 இல், வயதுவந்தோரைத் தவக்காலத்தில் ஆயத்தஞ்செய்து அவ்விரவில் முழுக்களிக்கும் பழைய முறை கத்தோலிக்கத்தில் மீண்டது. 1982 இல் உலகத் திருச்சபை மன்றத்தின் விசுவாச ஒழுங்கு ஆணைக்குழு திருமுழுக்குப் பற்றிய இணக்க அறிக்கையை வெளியிட்டது. அதுவும் லீமா நகரிலே. மறுபுறம் உலகின் பல பப்திஸ்து சபைகள் முழுக்கு ஆராதனையை உயிர்ப்பு ஞாயிற்றோடு இணைத்துக்கொண்டன. சிறில் பேசிய எருசலேமை அவர்கள் நினைத்துச் செய்தனர் என்று சொல்லமுடியாது. கூறுகள் தாமாகவே பொருந்தின. கிழக்கிலங்கையில் யுத்தகாலத்திலும் 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையின் பின்னும் சிறு சுயாதீன சபைகள் பெருகின. பெரும் சபைகளின் வழிபாட்டு நூல்கள் அவற்றிடம் இல்லை. பாட அட்டவணையும் இல்லை. போதகரும் திறந்த வேதமும் துன்பமறிந்த கேட்போருமே இருந்தனர். அங்கே தவக்காலப் பிரசங்கம் ஏட்டிலிருந்து வராது, தேவையிலிருந்து வந்தது.

2019 ஏப்பிரல் 21 இவ்வரலாற்றை வேறொரு திசையில் திருப்பியது. அவ்வுயிர்த்த ஞாயிறு காலையிற் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலே தேவாலயங்கள் மூன்றும், கொழும்பில் உல்லாச விடுதிகளும் தற்கொலைக் குண்டுகளால் தாக்கப்பட்டன. 260 பேருக்கு மேல் மாண்டனர். மட்டக்களப்பிலே தாக்கப்பட்டது சீயோன் தேவாலயம். அது பப்திஸ்து சபையன்று. சுயாதீன சுவிசேஷ சபை. இக்கட்டுரையில் நாம் பேசிவந்த சபைகளின் வகையைச் சேர்ந்தது. அங்கு மாண்ட சுமார் முப்பது பேரிற் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற சிறுவர். சில நாட்களுள் அச்சபையின் மூத்த போதகர் தாக்கியவரைத் தாம் மன்னிப்பதாக ஊடகங்களிடம் கூறினார். சிலுவையின் ஏழு வாசகங்களுள் முதலாவது கொல்வோருக்காக மன்னிப்பு வேண்டும் வாசகம். மூன்று மணி ஆராதனையின் முதற் பிரசங்கமாக ஆண்டுதோறும் பேசப்பட்டுப் பழகிப்போன அவ்வாசகத்தை மட்டக்களப்பில் 2019 இன் பின் விளக்க எழும் போதகரின் நிலையைச் சிந்திக்கவேண்டும். கேட்போர் வரிசையிற் பிள்ளையை இழந்த தாய் இருக்கின்றாள். வாசகத்தை அவளுக்குக் கட்டளையாகச் சொல்வாராயின் அது கொடுமை. சொல்லாது விடுவாராயின் அது பிரசங்கமன்று. வாவியின் இருகரையிலும் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் மாவட்டத்தில், குற்றவாளிகள் சிலரின் செயல் அயலார் அனைவர்மீதும் ஐயமாய்ப் படர்ந்த மாதங்களில், அதே வாசகம் இன்னொரு பொருளையும் பெற்றது.

நாட்காட்டி பற்றிய பழைய பிணக்கும் இங்கே புதுவடிவம் எடுக்கின்றது. எந்நாளும் ஒன்றே என்று சொன்ன மரபினருக்கு, தாம் விரும்பித் தேராத ஒரு நாள் கிடைத்துவிட்டது. அதனை அவர்கள் கைவிடமுடியாது. அந்நாளுக்கு இரு தேதிகள் உள என்பதும் கவனிக்கத்தக்கது. நாடு நினைவுகூர்வது ஏப்பிரல் 21. திருச்சபை நினைவுகூர்வது நிலவைப் பின்தொடர்ந்து மார்ச் 22 க்கும் ஏப்பிரல் 25 க்கும் இடையே அலையும் உயிர்ப்பு ஞாயிறு. 2020 இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்பிரல் 12. கொள்ளைநோய் ஊரடங்கினால் ஆலயங்கள் மூடிக்கிடந்தன. 2021 இல் ஏப்பிரல் 4, 2022 இல் 17, 2023 இல் 9, 2024 இல் மார்ச் 31, 2025 இல் ஏப்பிரல் 20. ஓராண்டில் உயிர்ப்பின் மகிழ்ச்சிப் பிரசங்கம் முந்துகின்றது, துக்க நினைவு பிந்துகின்றது. இன்னோராண்டில் இரண்டும் ஒரு நாள் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. பிரசங்கியார் ஒவ்வோராண்டும் இத்தூரத்தை அளந்தே பேசவேண்டியவராகின்றார்.

படுவான்கரையில் நின்று உயிர்ப்பு ஞாயிற்று விடியலைப் பார்ப்போர்க்குச் சூரியன் நீருக்கு அப்பால், எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேலே எழும். 1957 இலும் 2019 இலும் ஏப்பிரல் 21 இல் வந்த உயிர்ப்பு ஞாயிறு மீண்டும் அத்தேதியில் வருவது 2030 இலாகும். சீயோன் தேவாலயத்து ஞாயிறு பாடசாலையிலிருந்து உயிர்தப்பிய சிறுவர், விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டு முழுக்குக்கு வரும் வயதை அப்போது எய்தியிருப்பர்.